ஊர் ஒன்று, பெயர் பல

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டிற்குச் செல்லும் சாலையில் திருப்பாலைவனம் என்றோர் ஊர் உண்டு. பெயரை மட்டும் கேட்டவர், வெந்து விரிந்த மணல்வெளியையும் நிழலற்ற நெடுவழியையும் எதிர்பார்ப்பர். அங்குச் சென்றாலோ கண்ணிற்படுவது பசுமையும், பழமையான சிவன் கோயிலும், கிழக்கிலிருந்து வரும் உப்புக் காற்றுமே ஆகும். இன்னும் சற்றுத் தொலைவு சென்றால், கரை தெரியாது பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியைக் காணலாம். நீர் சூழ்ந்த இந்நிலத்திற்குப் பாலைவனம் என்று பெயரிட்டவர் யார்? அவர் பொய் சொன்னாரா?

அவர் பொய் சொல்லவில்லை. நாம் அவர் சொல்லை மறந்தோம். பாலை என்பது ஒரு மரத்தின் பெயர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகியன செடிகொடி மரங்களின் பெயர்களாய் இருந்து நிலத்திற்கு ஆகி வந்தமை போலவே, பாலையும் மரப்பெயராய் இருந்து வறண்ட நிலத்திற்கும் பெயராயிற்று. திருப்பாலைவனத்துக் கோயிலின் தலமரம் பாலை மரமே. பாலை மரங்கள் அடர்ந்திருந்த வனம் பாலைவனம் எனப்பட்டது. பிற்காலத்தில் பாலைவனம் என்னும் சொல் மணற்காட்டிற்கே உரியதாய் நிலைத்துவிட, ஊர்ப்பெயர் ஓர் எழுத்தும் மாறாமலே பொருள் மாறி நிற்கின்றது. பெயர் மாறினால்தான் மாற்றம் என்பதில்லை. சில வேளைகளில் பெயர் நிற்க, அதைக் கேட்கும் செவி மாறிவிடுகிறது.

பழவேற்காடு என்னும் பெயரும் மரத்தால் வந்ததே என்பர். வேல் என்பது வேல மரம். வேல் என்பதும் காடு என்பதும் சேர்ந்து வேற்காடு ஆகும். சென்னையை அடுத்த திருவேற்காட்டிலும் இச்சொல்லைக் காண்கிறோம். பழைய வேலங்காடு பழவேற்காடு ஆயிற்று. இவ்வூரின் வரலாற்றைப் பார்த்தால், மரத்தின் பெயரை ஊருக்கு இட்டவன் அமைதியாய் வாழ்ந்தவன் என்றும், மன்னன் பெயரையும் தன் நாட்டின் பெயரையும் இட்டவன் படையோடு வந்தவன் என்றும் எனக்குத் தோன்றுகிறது. இது எல்லா ஊர்க்கும் பொருந்தும் விதியன்று. ஆயினும் இவ்வேரிக்கரையில் பெரும்பாலும் பொருந்துகிறது.

விசயநகர வேந்தர் ஆட்சியில் இவ்வூருக்கு ஆனந்தராயன் பட்டினம் என்றொரு பெயர் வழங்கியதாகக் கூறுவர். தெலுங்கர் இதனைப் பிரளய காவேரி என்றனர். போர்த்துக்கீசியர் தம் நாவிற்கு இயன்றவாறு பலியாக்கட்டி என எழுதினர். 1516ஆம் ஆண்டளவில் இக்கடற்கரையைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா என்பவர் இப்பட்டினத்தை அவ்வாறே குறிக்கின்றார். ஒல்லாந்தர் அதனைப் பலியக்கட்டா என்றனர். ஆங்கிலேயர் மேலும் சுருக்கிப் புலிக்கட் என்றனர். ஒரு சொல் பல நாவுகளில் உருண்டு தேய்ந்த கதை இது. ஆற்றில் உருளும் கல் தேய்வதைக் கண்டு நாம் சினம் கொள்வதில்லை. செவியில் தவறாய் விழுந்த பெயரையும் பகைச்செயலாகக் கொள்ளுதல் வேண்டா. பழவேற்காட்டில் உள்ள ழகரமும் றகரமும் வேற்று நாட்டார்க்கு எளியன அல்ல. ஆனால் இவ்வூரில் செவிப்பிழையால் வந்த பெயர் மட்டும் இல்லை. வாள்முனையால் எழுதப்பட்ட பெயரும் ஒன்று உண்டு.

ஒல்லாந்தர் இக்கரைக்கு ஏன் வந்தனர்? அவர்கள் தேடியது கிழக்குத் தீவுகளின் சாதிக்காயையும் கிராம்பையும். அத்தீவுகளின் மக்களோ பொன்னைவிட நம் நாட்டுத் துணியை விரும்பினர். துணி கொடுத்தே நறுமணப் பொருள் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே நெசவு சிறந்த சோழமண்டலக் கரைக்கு ஒல்லாந்தர் வந்து, 1610இல் விசயநகர அரசரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் வாணிகக் கூடம் அமைத்தனர். மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் இதனைப் பொறாராகி, 1612இல் வந்து அக்கூடத்தை அழித்தனர். அதன்பின் ஒல்லாந்தர் 1613இல் இங்குக் கோட்டை ஒன்றை நிலைநிறுத்தினர். கோட்டைத் தலைவராய் இருந்த வெம்மர் வான் பெர்க்கெம் தம் பிறந்த மாநிலமாகிய கெல்டர்லாந்தை நினைந்து அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டார்.

ஏரியும் கடலும் கூடுமிடத்தில் நின்ற கோட்டைக்கு, ஏழு கடல் கடந்த ஒரு மாநிலத்தின் பெயர்! அப்பெயரை இட்டவர் இங்குள்ள மீனவரிடமோ நெசவாளரிடமோ ஒரு சொல் கேட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. கெல்டிரியா சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாயிற்று. 1690இல் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறிற்று. 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். பின்னர் ஊர் கை மாறிக் கை மாறி, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று. இன்று அக்கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிக் கிடக்கின்றது. அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒல்லாந்தர் பலர் துயில்கின்றனர். அக்கற்களில் செதுக்கிய எழுத்துகள் இன்னும் கூர்மை குன்றாமல் உள்ளன.

கெல்டிரியா என்னும் பெயர் என்னவாயிற்று? ஊரார் நாவில் அது ஏறவே இல்லை. கோட்டையின் அருகே வாழ்ந்த மீனவர் தம் குடியிருப்பைக் கோட்டைக்குப்பம் என்றனர். எவன் கோட்டை, எந்நாட்டான் கோட்டை என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை. கோட்டை இடிந்தது; குப்பம் இருக்கின்றது. வென்றவன் சூட்டிய பெயர் ஏட்டில் தங்க, வலை வீசியவன் சூட்டிய பெயர் வாழ்கின்றது. அதனையடுத்து நடுவூர் மாதாகுப்பம் உண்டு. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே இங்கு வழிபாடு பெற்று வருவதாகக் கூறப்படும் மகிமை மாதாவை அப்பெயர் நினைவூட்டுகின்றது. கலங்கரை விளக்கத்தின் அருகே இருப்பது லைட்ஹவுஸ் குப்பம். ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் அங்குப் பூசலின்றி அருகருகே அமர்ந்துள்ளன. அப்பெயரைத் தூய தமிழாக்க வேண்டும் என்று அவ்வூரார் தாமே விரும்பினால் மாற்றட்டும். வெளியூர் அறிஞர் சென்று அவர்க்கு ஆணையிடுதல் கெல்டிரியாவுக்குப் பெயரிட்ட செயலையே ஒக்கும்.

பழவேற்காட்டின் பெயர் கடல் கடந்தும் சென்றது. மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் ஆடவர் இடையில் உடுத்தும் கட்டமிட்ட துணிக்குக் காயின் பெலிக்காட் என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடே. இத்துறையிலிருந்து ஏற்றுமதியான துணி, தான் ஏறிய துறையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. இதனைக் கேட்கும்போது நமக்கு ஒரு பெருமிதம் எழுகின்றது. எழுவது இயல்பே. ஆயினும் அதே துறையிலிருந்து துணிமூட்டைகளோடு வேறொரு சரக்கும் கப்பலேறியது. அதனைச் சொல்லாமல் விட்டால் பழவேற்காட்டின் கதை பாதிக் கதையாகிவிடும்.

அச்சரக்கு மனிதர்.

பதினேழாம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் இந்நாட்டை வாட்டிய ஆண்டுகளில், உணவின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றோர் பலர். கவர்ந்து கொண்டுவரப்பட்டோரும் பலர். ஒல்லாந்தர் அவர்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கிப் படேவியாவிற்கும் பிற தீவுகளுக்கும் அடிமைகளாய் அனுப்பினர். இன்று சகார்த்தா எனப்படும் நகரமே அன்றைய படேவியா. அடிமைக்கு முதலில் பறிபோவது அவன் பெயர். அவன் பெற்றோர் இட்ட பெயர் ஆண்டையின் நாவிற்கு வாராது. வரவேண்டும் என்னும் எண்ணமும் ஆண்டைக்கு இல்லை. ஆகவே புதுப்பெயர் ஒன்றைச் சூட்டி, அதன்பின் அவன் வந்த துறையின் பெயரைச் சேர்த்து எழுதினர். வங்காளத்தின் இன்னான், சோழமண்டலத்தின் இன்னாள் என்று அடிமைகளைக் குறித்த ஏடுகள் இன்றும் உள்ளன.

அவர்களுள் ஒருத்தியின் பெயர் பலியக்கட்டாவின் கத்ரெய்ன். அவள் பழவேற்காட்டிலிருந்து சென்றவள். படேவியாவில் அடிமையாய் இருந்தபோது, தன்னைத் துன்புறுத்திய ஒருவனை எதிர்த்தாள். அதில் அவன் இறந்துபட்டான். 1656இல் அவளுக்குக் கொலைத்தண்டனை விதிக்கப்பட்டுப் பின் அது நாடு கடத்தலாய் மாற்றப்பட்டது. 1657இல் அவள் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையை அடைந்தாள். அங்கே ஒல்லாந்தர் குடியேற்றத்தின் தலைவரான யான் வான் ரீபெக் என்பவரின் மனையில் துணி வெளுத்தாள். பின்னர் விடுதலையும் பெற்றாள். அவள் மகன் கிறிஸ்டோபெல் ஸ்னைமன். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னைமன் என்னும் குடிப்பெயர் தாங்கிய வெள்ளையர் பலர் அவளைத் தம் முன்னோரில் ஒருத்தியாகக் காண்கின்றனர்.

அவள் செய்த குற்றம் ஏட்டில் இருக்கின்றது. பெற்ற தண்டனை இருக்கின்றது. ஏறி வந்த துறை இருக்கின்றது. அவள் தாய் அவளை எப்பெயரிட்டு அழைத்தாள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. வள்ளி என்று அழைத்தாளோ, பொன்னி என்று அழைத்தாளோ, தெலுங்கிலே வேறு பெயர் சொல்லி அழைத்தாளோ, யார் அறிவார்? பெயரில் என்ன இருக்கின்றது என்று சிலர் எளிதாய்க் கேட்டுவிடுவர். அக்கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் தம் பெயரை இழவாதவர். எண்ணிட்டும், துறை சொல்லியும், ஆண்டை விரும்பிய பெயர் சூட்டியும் அழைக்கப்பட்டவர் அவ்வாறு கேட்டிருப்பாரோ?

தனி மனிதர்க்கு நேர்ந்தது மக்களினங்களுக்கும் மொழிகளுக்கும் நேர்ந்தது. போர்த்துக்கீசியர் முதலில் இறங்கியது சேரநாட்டுக் கரையில். அக்கரைக்கு மலபார் என்னும் பெயர் வழங்கிற்று. அங்குக் கேட்ட மொழியையும் அவர்கள் மலபார் என்றனர். பின்பு கீழைக் கரைக்கு வந்து தமிழைக் கேட்டபோது, அதனையும் மலபார் என்றே குறித்தனர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் நூலின் போர்த்துக்கீசியத் தலைப்பில் மலபார் என்னும் பெயரும் தமிழ் என்னும் பெயரும் அருகருகே நிற்கின்றன. தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்ற சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளின் பட்டியலை 1708இல் எழுதியபோது மலபார் நூலகம் என்றே அதற்குப் பெயரிட்டார். 1716இல் அச்சான தம் இலக்கண நூலிலோ தமிழின் பெயரையே தலைப்பில் வைத்தார். பழகப் பழக அவர்க்குச் செவி தெளிந்தது போலும்.

எல்லார்க்கும் அவ்வாறு தெளியவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் பழவழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தனர், அதுவே தேசவழமை. அச்சட்டத்திற்கு உட்பட்டவர் யாழ்ப்பாணத்து மலபார் குடிகள் என்று எழுதப்பட்டது. ஆங்கிலேயரும் அச்சொல்லையே ஏற்றுச் சட்டமாக்கினர். இலங்கையில் தேசவழமை இன்றும் வழக்கிலுள்ள சட்டம். எனவே மலபாரைத் தம் ஊராகக் கொள்ளாத மக்கள், மலபார் குடிகள் என்னும் சொல் தம்மையே குறிக்கும் என்று வழக்குமன்றத்தில் பொருள் காட்ட வேண்டியவராயினர். ஒருவன் அறியாமையால் செய்த பிழை முந்நூறு ஆண்டு வாழ்வதாயின் அதற்குச் சட்டத்தின் துணை வேண்டும்.

கோரமண்டல் என்னும் பெயர் சோழமண்டலம் என்பதன் திரிபு என்று அறிஞர் கொள்வர். பழவேற்காட்டிற்கு வடக்கே கடலோரத்தில் கரிமணல் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூர்ப் பெயரே கோரமண்டல் ஆயிற்று என்று எண்ணியோரும் முன்பு இருந்தனர். அது பொருந்தாக் கூற்று. ஆயினும் சோழப் பேரரசின் பெயரோடு போட்டியிட ஒரு மீனவச் சிற்றூரின் பெயருக்கும் ஒருகால் வாய்ப்பிருந்தது என்பது மகிழ்ச்சி தருவதே. இன்று நியூசிலாந்திலும் கோரமண்டல் உண்டு. அப்பெயர் தாங்கிய ஆங்கிலக் கப்பலொன்று 1820இல் அங்குச் சென்றதால், சோழரை அறியாத ஒரு மலைத்தொடர் சோழர் பெயரைச் சுமந்து நிற்கின்றது.

பிறர் நம்மைத் தவறாய் அழைத்ததை மட்டும் சொல்லி, நாம் பிறரை அழைத்ததைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. பறங்கி என்பது பிராங்கு என்னும் இனத்தின் பெயரிலிருந்து அரபியர் வழியே வந்த சொல். போர்த்துக்கீசியர் பிராங்குகள் அல்லர். நாம் அவர்களைப் பறங்கியர் என்றோம். பின் ஒரு காய்க்கும் அப்பெயரை இட்டோம். யவனர் என்று பண்டைத் தமிழர் முதலில் கிரேக்கரைக் குறித்தனர். அச்சொல்லே சோனகர் எனத் திரிந்து அரபியர்க்கும் முசுலிம்களுக்கும் ஆயிற்று. நாம் டச்சுக்காரர் என்பதும் ஆங்கிலேயர் தந்த பெயரே. அவர்கள் தம்மை நெதர்லாந்தர் என்பர்.

அண்டை வீட்டாராகிய தெலுங்கரை நாம் வடுகர் என்றோம். வடக்கில் இருப்போர் என்பது அதன் பொருள். நமக்கு வடக்கேயன்றி அவர்க்கே அவர் வடக்கில் இல்லை. அவர்கள் நம்மை அரவர் என்றனர். நம் மொழியை அரவம் என்றனர். தமிழன் செவியில் அச்சொல் பாம்பையும் இரைச்சலையும் நினைவூட்டுமாதலின், அதனை வசை எனக் கொண்டோர் பலர். ஆனால் பழவேற்காட்டிற்கு வருக. இங்கு வாழும் தமிழ் முசுலிம்கள் அரபு எழுத்தால் தமிழை எழுதும் மரபொன்றைப் போற்றி வந்தவர்கள். அம்மரபிற்கு அர்வி என்று பெயர். அரவம் என்பதன் வழியே வந்த சொல்லே அது என்பர். ஒருவர் வசையென எண்ணிய சொல், மற்றொருவர் கையில் கல்வியின் பெயராயிற்று. சொல்லில் நஞ்சில்லை, சொல்லுவோன் நெஞ்சில் இருந்தால் அது சொல்லிலும் ஏறும்.

அத்தகைய நஞ்சு ஏறிய காலமும் உண்டு. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணாநோன்பிருந்து சென்னையில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. சென்னை யாருக்கு, திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்ற வழக்கு மூண்டது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி இப்பக்கம் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் சில ஊர்கள் அப்பக்கம் சென்றன. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலுமாக அமைந்தன. நிலத்தில் எல்லைக்கல் நடலாம். நீரில் எங்கே நடுவது? இறாலும் மடவையும் எந்த மாநிலத்தவை என்று யார் அறிவார்? இருபுறத்து மீனவரிடையே இதன்பொருட்டுப் பிணக்குகள் எழுந்ததுண்டு.

1945இல் கோட்டைக்குப்பத்தில் பிறந்து, அவ்வூரை விட்டு நீங்காத ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தது சென்னை மாகாணம். பள்ளி செல்லும் அகவையில் அது சென்னை மாநிலம். 1956இல் மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயர் வைத்தல் முதலிய கோரிக்கைகளுக்காக விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். 1969 சனவரி 14ஆம் நாள் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அவர் மாவட்டம் செங்கற்பட்டாய் இருந்து 1997இல் திருவள்ளூர் ஆயிற்று. தலைநகர் ஆங்கிலத்தில் மெட்ராசாய் இருந்து 1996இல் சென்னையாயிற்று. ஏரியின் வடகரையிலோ, நெல்லூர் மாவட்டத்திற்கு 2008இல் பொட்டி ஸ்ரீராமுலுவின் பெயர் சேர்ந்தது. 2022இல் அக்கரை புதிய திருப்பதி மாவட்டத்திற்கு உரியதாயிற்று. அதனிடையே கிடக்கும் சிறீஅரிக்கோட்டையின் ஏவுதளம் 2002இல் சதீஷ் தவான் பெயரைப் பெற்றது. இத்துணை மாற்றங்களுக்கிடையே அம்மூதாட்டியின் வீட்டு வாயில் ஒரு முழமும் நகரவில்லை.

இவற்றால் யாது பயன் என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் தள்ளுவோர் உளர். அவர் கருத்து எனக்கு உடன்பாடன்று. தமிழ்நாடு என்னும் பெயர் வெளியிலிருந்து சூட்டப்பட்டதன்று. அங்கு வாழ்வோர் தம் நாட்டைத் தாம் அழைக்கும் பெயர். ஒரு மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனரோ, அப்பெயரால் பிறரும் அழைத்தல் அறம். அதற்காக ஒருவர் உயிரையும் கொடுத்திருக்கின்றார். பெயர்ப்பலகையை மாற்றும் செலவைக் கணக்கிட்டு அதனை எதிர்த்தல் சிறுமை.

எதிர்ப்புறம் நிற்போரும் உளர். அயலார் பெயர் ஒன்றும் இருத்தல் ஆகாது, எல்லாவற்றையும் துடைத்தெறிய வேண்டும் என்பர். அவர்கள் சென்னை என்னும் பெயரின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். உஷாபரிணயம் என்னும் தெலுங்கு நூல் ஒரு செய்தி கூறுகின்றது. பிரளய காவேரியில் இருந்தோரும் மயிலாப்பூரில் இருந்தோரும், அதாவது பழவேற்காட்டு ஒல்லாந்தரும் சாந்தோம் போர்த்துக்கீசியரும், ஓயாது பொருதனர். அப்பூசலைத் தடுக்க இரண்டிற்கும் நடுவே அய்யப்ப நாயகர் தம் தந்தை சென்னப்பரின் பெயரால் ஒரு பட்டினம் அமைத்தார் என்பதே அச்செய்தி. அது மெய்யாயின், நாம் தமிழ்ப்பெயர் என்று மீட்டுக்கொண்ட சென்னை, ஒரு தெலுங்குத் தலைவரின் நினைவாகவும், பழவேற்காட்டில் மூண்ட சண்டையின் விளைவாகவும் பிறந்த பெயராகும். அதனால் சென்னை நமக்கு அயலாகிவிடுமா? ஆகாது. நானூறு ஆண்டுகள் தமிழர் நாவில் வாழ்ந்த பெயர் தமிழர் பெயரே.

2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு ஊர்கள் 1018இன் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி அரசாணை ஒன்று வந்தது. அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயினும் ழகரத்தை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது என்பதிலேயே நமக்குள் ஒற்றுமை இல்லை. இத்தகைய வேலையை விரைவில் செய்து விரைவில் மாற்றுவதைவிட, ஊரூராய்ச் சென்று ஊராரைக் கேட்டு மெல்லச் செய்தல் நன்று. புதுப்பெயர் எழுதும்போது பழம்பெயரையும் ஓர் ஏட்டில் குறித்து வைத்தல் வேண்டும். கல்லறைக் கற்களைச் சுரண்டுதல் ஆகாது. பலியக்கட்டா என்னும் பிழைபட்ட சொல்லை எல்லா ஏடுகளிலும் திருத்திவிட்டால், கத்ரெய்ன் எந்த ஊர்ப்பெண் என்பதை நாம் எவ்வாறு அறிவோம்? அவளுடைய பெயரில் அவளுக்கே உரியதாய் எஞ்சியது அப்பிழைபட்ட பாதி ஒன்றே.

மாணவர்களே! அரசாணையாலும் மாறாத, எந்த வரைபடத்திலும் ஏறாத பெயர்கள் இவ்வேரியில் இன்னும் பல உள்ளன. மீனவர் தமக்குள் முறை வைத்து வலையிடும் இடங்களைப் பாடு என்பர். சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னார்க்கு இன்ன இடம் என்று பங்கிடுவர். பாடு உரிமை பற்றிய பூசலும் அவர்களிடையே உண்டு. பேசித் தீர்க்கும் வழக்கமும் உண்டு. கண்ணுக்கு ஒரே நீர்ப்பரப்பாய்த் தோன்றும் ஏரியில் எது ஆழம், எது திட்டு, எங்கு ஆற்றுநீர் வந்து கலக்கும், முகத்துவாரத்தின் எப்பக்கம் மணல் மூடும் என்பதெல்லாம் படகோட்டுவோர்க்குப் பெயரோடு தெரியும். அப்பெயர்களைச் சூட்டியவர் மன்னரும் அல்லர், மாலுமியரும் அல்லர். இளையோர் பலர் வேறு தொழில் நாடிப் பொன்னேரிக்கும் சென்னைக்கும் செல்லும் இந்நாளில், அவற்றை அறிந்தோர் தொகை குறைந்து வருகின்றது. நீங்கள் பழவேற்காட்டிற்குச் சென்றால், பறவைகளைக் காண்பதற்கு முன் படகோட்டும் பெரியவர் ஒருவரிடம், இந்த இடத்துக்கு என்ன பெயர் ஐயா என்று கேளுங்கள். கையில் ஒரு சிறு ஏடு இருக்கட்டும். அவர் சொல்வது தமிழாயினும் தெலுங்காயினும், திருத்தாமல், அவர் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்.